அரிட்டாபட்டி மலையடிவாரம் வரை கார் போகத்தான் வேண்டுமா?

மதுரை மாவட்ட நிர்வாகத்துக்கும், வனத்துறைக்கும், சுற்றுலாத் துறைக்கும்,

வணக்கம்.

சுரங்கத்தைத் தடுத்தாயிற்று. 2024 நவம்பரில், அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தது. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஜனம் திரண்டு வந்தது. அதே மாதம் 23 அன்று ஏலம் ரத்தானது. இதற்குள் அரிட்டாபட்டியின் பெயர் தமிழ்நாடு முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது. பெயர் பரவினால் ஆள் வரத்தான் செய்யும். விடுமுறை நாள் என்றால் வண்டிகள் வருகின்றன, பிரியாணிப் பொட்டலம் வருகிறது, பாறை நுனியில் நின்று படம் எடுக்கும் கூட்டமும் வருகிறது. ரோட்டை அகலப்படுத்தலாம், அடிவாரத்தில் வண்டி நிறுத்த இடம் போடலாம், கண்மாயில் படகு விடலாம் என்ற பேச்சு எங்கள் பக்கத்து டீக்கடைகளில் தாராளமாக நடக்கிறது. அந்தப் பேச்சு கோப்பாக மாறி உங்கள் மேசைக்கு வருவதற்கு முன்னால் இந்த மடலைப் படித்துவிடுங்கள்.

இங்கிலாந்தின் வடமேற்கில் லேக் டிஸ்ட்ரிக்ட் என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. மகள் மான்செஸ்டரில் வேலை பார்ப்பதால் எனக்கு அங்கே போகும் வாய்ப்பு கிடைத்தது. ஏரி, மலை, பழைய வீடுகள், இவ்வளவுதான் அந்த இடம். அங்கே எல்லாவற்றிலும் உயரமான ஸ்காஃபெல் பைக் சிகரமே 978 மீட்டர்தான்; கொடைக்கானலில் பாதிகூட இல்லை. ஆனால் தேசியப் பூங்கா என்றதும் நாம் நினைப்பதுபோல் ஆளில்லாத காடு அல்ல அது. சுமார் 40,000 பேர் அதற்குள் குடியிருக்கிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள், புல்லை அறுத்து உலர்த்துகிறார்கள். நிலத்தில் பெரும்பகுதி அரசாங்கத்துடையதே அல்ல. 1951-இல் பூங்காவாக அறிவித்தபோது ஊர்க்காரர்களை வெளியேற்றவில்லை. யார் எங்கே என்ன கட்டலாம் என்பதற்குத்தான் கடிவாளம் போட்டார்கள்.

பாதைகள் விவசாயிகளின் வயல் வழியாகவே போகின்றன. நடப்பதற்குச் சட்டப்படி உரிமை உண்டு. சாந்தே வைக்காமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்; அதில் ஒரு ஆள் மட்டும் உடம்பைத் திருப்பி நுழையும்படி ஆடுகிற சின்னக் கதவு. மனிதன் போவான், ஆடு வெளியே வராது. அந்தக் கதவுக்குப் பெரிய திட்டமோ ஆலோசனை நிறுவனமோ தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

வீடுகளிலும் இதே கணக்குத்தான். குழந்தைக் கதைகள் எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் 1905-இல் வாங்கிய பண்ணைவீடு அங்கே இருக்கிறது. அறைகள் சின்னவை. எனவே நேரம் குறித்த டிக்கெட். உங்கள் நேரம் வரும்வரை தோட்டத்தில் நிற்க வேண்டியதுதான். அந்த அம்மையார் 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேல் நிலத்தையும் பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்புத் தொண்டு அமைப்புக்கு எழுதிவைத்தார். அந்த வட்டாரத்து ஆட்டினத்தை அங்கேயே தொடர்ந்து வளர்க்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம்.

அவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கோட்டைவிட்டதைப் பார்ப்பதுதான் நமக்கு அதிகம் பயன்படும். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள், அதில் பெரும்பாலோர் காரில். குறுகிய பள்ளத்தாக்குச் சாலைகள் கோடையில் அடைத்துக்கொள்கின்றன. விண்டர்மியர் ஏரியில் கழிவுநீர் கலந்து நீலப்பச்சைப் பாசி படர்வது அங்கே பெரிய சண்டை. வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறை வீடாக வாங்கிப்போட்டதில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு எட்டாத விலைக்குப் போய்விட்டது. கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1844-லேயே, இங்கே ரயில் வேண்டாம் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1847-இல் ரயில் வந்துவிட்டது. அவர் பேச்சில் மேட்டிமைத்தனம் உண்டு, ஏழைகள் வந்து ரசிக்கத் தெரியாமல் கெடுப்பார்கள் என்கிற தொனி. அதை நான் ஏற்கமாட்டேன். ரயில் வந்ததில் தவறே இல்லை. கெடுத்தது கார்.

இனி நம் இடம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தீர்கள். 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள், 3 தடுப்பணைகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்று அரசுக் குறிப்பே சொல்கிறது. வெளியூர்க்காரர் கண்ணுக்கு அந்த ஏரிகள் காட்சி. ஊர்க்காரருக்கு அவை கண்மாய்: மடை திறந்தால் நெல், கலிங்கு வழிந்தால் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். அங்கே படகுத்துறை போட்டால், பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கவேண்டிய நாளில் படகு ஓட மட்டம் குறையக் கூடாது என்று யாராவது மனு கொடுப்பார். கரையில் சிமெண்ட் நடைபாதையும் அலங்கார விளக்கும் போட்டால் மாடு இறங்க வழி இருக்காது. கண்மாயைத் தூர்வாருங்கள், வரத்துக்காலை அடைத்திருக்கும் சீமைக்கருவேலத்தை எடுங்கள். அழகு அதற்குமேல் தானாக வரும்.

அரிட்டாபட்டியில் சமணத் துறவிகள் தங்கிய கழிஞ்சமலைக் குகைத்தளத்தை யாராவது நேரில் போய் நிதானமாகப் பாருங்கள். மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கப் பாறை நெற்றியில் காடி வெட்டியிருக்கிறார்கள். அந்த நெற்றியில்தான் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்து. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவன் குகை கொடுத்த செய்தி அது. குனிந்து நுழைந்து நாலு பேர் உட்கார்ந்தால் நிறைந்துபோகும் இடத்துக்குள் ஒரு வேன் கூட்டம் புகுந்தால் என்ன ஆகும் என்பதை மதுரையைச் சுற்றியுள்ள மற்றச் சமணக் குன்றுகளில் போய்ப் படித்துக்கொள்ளலாம். கற்படுக்கையில் காதலர் பெயர்கள் ஆணியால் கீறிக் கிடக்கின்றன. இங்கேயும் நேரம் குறித்து, சிறு குழுவாக, ஊர்ப் பிள்ளை ஒருவர் கூட்டிப்போகிற ஏற்பாடு வேண்டும். சிவனின் வடிவமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம் இருக்கும் குடைவரைக் கோயிலுக்கும் அதே முறை வையுங்கள். வழிகாட்டிக் கூலி அவர்களுக்கே போகட்டும்.

பாறை முகடுகளில் லக்கர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் இருக்கின்றன. லேக் டிஸ்ட்ரிக்டில் வல்லூறு கூடு கட்டும் பாறைகளில் வசந்த காலத்தில் ஏறுவதில்லை என்று மலையேறுவோரே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நம் வனத்துறை கூடு கட்டும் மாதங்களைக் கணக்கிட்டு அந்த முகடுகளை மட்டும் மூடலாம். டிரோனுக்கு ஆண்டு முழுவதும் தடை போடுங்கள். கல்யாணப் படப்பிடிப்புக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

கார்களை மேலூர் நெடுஞ்சாலைப் பக்கமே நிறுத்தச் சொல்லுங்கள். அங்கிருந்து ஊர்க்காரர்களின் ஷேர் ஆட்டோ ஓடட்டும். மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர்தான். விடுமுறை நாள்களில் கூடுதலாக டவுன் பஸ் விட்டால் கார் இல்லாதவரும் வருவார்கள். அவர்கள் வரவேண்டும். வேர்ட்ஸ்வொர்த்துக்கும் எனக்கும் இதில்தான் வேறுபாடு.

இதையெல்லாம் முடிவு செய்யும் கூட்டத்தை ஆட்சியர் அலுவலகத்தில் வைக்காதீர்கள். ஊர் அளவில் இருக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அழைத்து, அரிட்டாபட்டி மந்தையில், நடவும் அறுப்பும் இல்லாத ஒரு நாளில் வையுங்கள். தேதியை முன்கூட்டியே தண்டோரா போட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மேலூர் வட்டாரத்துக்காரர் ஒருவர்