மகளின் கழுத்துக்கு என்ன வாங்குவது என்று கேட்டாயே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மகள் சிறுவர் டிராக்ஸ்டரை, அதாவது நேர்கோட்டு வேகப் பந்தயமான டிராக் ரேஸின் சின்ன வண்டியை, விட்டுப் பெரிய வண்டிக்கு மாறப் போகிறாள் என்று படித்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நம் இடுப்பு உயரம்கூட இல்லாத வயதிலேயே தொடக்கக் கோட்டின் விளக்குக் கம்பத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த பெண் அல்லவா அவள்! உரிமத்துக்கான ஓட்டங்களை அவள் முடிக்கும் நாளில் நானும் பக்கத்தில் இருக்க வேண்டும். தேதி தெரிந்ததும் எழுது.

இங்கே எல்லோரும் நலம். விரல் மூட்டுகளில் வலி கூடிவிட்டதால் இஞ்சின் வேலையை அடியோடு விட்டுவிட்டேன். ஆனாலும் பந்தய நாட்களில் வீட்டில் உட்கார்ந்திருக்க மனம் கேட்கவில்லை. ஓட்டுநர்களின் ஹெல்மெட், பெல்ட், உடை ஆகியவற்றைப் பரிசோதிக்கும் குழுவில் சேர்ந்துகொண்டேன். உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை. கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும். அதனால் நீ கேட்டிருக்கும் விஷயத்தைத்தான் இப்போது அன்றாடம் பார்க்கிறேன்.

டிராக் ரேஸ் நேர்கோட்டில் ஓடுவதுதானே, வளைவும் இல்லை, பத்துப் பதினைந்து வண்டிகள் முட்டிக்கொள்வதும் இல்லை, சிறு வயது முதல் அவள் போட்டுப் பழகிய நுரைக் கழுத்து வளையமே போதாதா என்று எழுதியிருக்கிறாய். போதாது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வண்டி நேராகப் போகும்வரைதான் அது நேர்கோட்டுப் பந்தயம். இஞ்சின் வெடித்துப் பின்சக்கரத்தின் அடியில் எண்ணெய் கொட்டினாலோ, டயர் கிழிந்தாலோ, கான்கிரீட் சுவர் சில அடி தூரத்தில் காத்திருக்கிறது. மோதும் கணத்தில் பெல்ட் உடம்பை இறுகப் பிடித்துவிடுகிறது. தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லை. அது வந்த வேகத்திலேயே முன்னால் போகப் பார்க்கிறது. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து 6 கிலோ என்று வைத்துக்கொள். புவியீர்ப்பைப் போல 70 மடங்கு விசை, அதாவது 70 ஜி, வந்தால் அந்தத் தலை 420 கிலோ எடையைப் போலக் கழுத்தை இழுக்கும். முதுகெலும்பும் மண்டையோடும் சேரும் இடத்தில், மண்டையோட்டின் அடித்தளம் அந்த இழுப்பில் பிளந்துபோகிறது. தலை எதிலும் இடிக்காமலேயே இது நடக்கக்கூடும். ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. பெல்ட் நன்றாக இருந்தால் போதும் என்று நம்புகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: பெல்ட் உடம்பை எவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறதோ, அவ்வளவு பாரம் கழுத்தின் மேல் ஏறுகிறது.

நுரை வளையம் இந்த இழுப்பைத் தடுக்காது. அது தாடையின் கீழ் வைத்த ஒரு தலையணை, அவ்வளவுதான். ஹெல்மெட்டின் பாரத்தால் கழுத்து சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும். தலை பக்கவாட்டில் மட்டுமீறிச் சாய்வதைக் கொஞ்சம் குறைக்கும். அதன் ஓரத்தில் தைத்திருக்கும், பந்தயப் பாதுகாப்புத் தரங்களை வகுக்கும் எஸ்எஃப்ஐ நிறுவனத்தின் 3.3 என்ற முத்திரையைப் பார்த்துவிட்டு நீயும் நிம்மதியாக இருந்திருப்பாய். அந்த முத்திரை தீயைப் பற்றியது. கையுறை, காலணி ஆகியவற்றுக்கும் அதே முத்திரைதான். மோதலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. தலையையும் கழுத்தையும் பிடித்து நிறுத்தும் கருவிக்கு எஸ்எஃப்ஐ 38.1 என்று தனி முத்திரை உண்டு. அதைப் பெற வேண்டுமானால், மனித உருவப் பொம்மைக்குக் கருவியை மாட்டிச் சறுக்கு வண்டியில் சுமார் 70 ஜி விசையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். நேராகவும் பார்க்க வேண்டும், 30 பாகை சாய்வாகவும் பார்க்க வேண்டும். கழுத்தின் மேல் விழும் இழுவிசை 4000 நியூட்டனைத் தாண்டக் கூடாது. இரண்டு முத்திரையும் ஒரே நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நிற்பதால்தான் இத்தனை பேர் குழம்புகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கருவியின் கதை உனக்குப் பிடிக்கும். 1981இல் அமெரிக்காவின் மிட்-ஒஹாயோ தடத்தில் சோதனை ஓட்டத்தின்போது பாட்ரிக் ஜாக்மார் என்ற ஓட்டுநர் இதே மண்டையோட்டு முறிவால் இறந்தார். அவருடைய நண்பர் ஜிம் டவ்னிங்கும் பந்தய ஓட்டுநர். டவ்னிங்கின் மைத்துனர் ராபர்ட் ஹப்பர்ட், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடல் இயக்கவியல் பேராசிரியர். மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் ஹான்ஸ். தோள்களின் மேல் உட்காரும் நுகம் போன்ற கட்டை; அதைத் தோள் பெல்ட்டுகள் அழுத்திப் பிடிக்கின்றன; அதன் பின்பகுதியிலிருந்து வரும் பட்டைகள் ஹெல்மெட்டின் இரு பக்கமும் மாட்டிக்கொள்கின்றன. உடம்பு நிற்கும்போது தலையும் கூடவே நிற்கிறது, கழுத்து இழுபடுவதில்லை. இத்தனை எளிமையான கருவியைப் பல ஆண்டுகள் யாரும் சீந்தவில்லை. அசௌகரியம் என்றார்கள், தலையைத் திருப்ப முடியவில்லை என்றார்கள். 2001 பிப்ரவரியில் டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அமெரிக்காவின் பெரும்புகழ் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்த பிறகுதான் எல்லோரும் விழித்தார்கள். அந்தப் பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு அந்த ஆண்டிலேயே இப்படிப்பட்ட கருவியைக் கட்டாயமாக்கியது; ஃபார்முலா 1 பந்தயத்தில் 2003இல் ஹான்ஸ் கட்டாயமானது. பெரும்புகழ் பெற்ற ஒருவர் போனால்தான் கண் திறக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நம் பந்தயத்துக்கு என்றே உள்ள ஆபத்துகள் வேறு. தலை முன்னால் இழுபடுவது விபத்தில் மட்டும் நடப்பதல்ல. டிராக் ரேஸில் ஒவ்வொரு ஓட்டத்திலும் அது நடக்கிறது. கிளம்பும்போது தலை பின்னால் அறையப்படுகிறது. முடிவுக்கோட்டைத் தாண்டி, வண்டியை நிறுத்த உதவும் பாராசூட் விரிந்ததும் முன்னால் வீசப்படுகிறது. நம் பந்தயத்தின் பழம்பெரும் ஓட்டுநர் டான் கார்லிட்ஸுக்கு 1992இல் பாராசூட் இழுத்த விசையில் விழித்திரை விலகியது நினைவிருக்கிறதா? மகளின் வண்டி அந்த வேகத்தை நெருங்காது என்பது உண்மை. ஆனால் பாராசூட் உள்ள எந்த வண்டியிலும் ஓட்டத்துக்கு ஓட்டம் கழுத்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கருவி மாட்டி ஓட்டுகிறவர்கள், மாலையில் கழுத்து வலி குறைந்திருக்கிறது என்று என்னிடம் சொல்வதுண்டு.

இன்னொன்று டயர் நடுக்கம். டிராக் ரேஸ் ஓட்டுநர் எரிக் மெட்லெனை மறக்க முடியுமா? 2007 மார்ச்சில் கெய்ன்ஸ்வில்லில் சோதனை ஓட்டம். டயர் பழுதாகி அவருடைய ஃபன்னி கார் வகை டிராக் வண்டி கடுமையாக அதிர்ந்தது. தலை இடமும் வலமுமாக, ஓட்டுநரைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கூண்டின் கம்பிகளுக்கு இடையில் அடிபட்டது. நான்கு நாட்களில் போய்விட்டார். முன்னால் இழுபடும் தலையை ஹான்ஸ் போன்ற கருவி பிடிக்கும். பக்கவாட்டில் அடித்துக்கொள்ளும் தலைக்கு அது மட்டும் போதாது. அதற்கு வேண்டியது கூண்டின் அமைப்பும் உள்மெத்தையும். அந்த விபத்துக்குப் பிறகு, மெட்லென் ஓட்டிவந்த அணி, அதாவது புகழ்பெற்ற ஓட்டுநர் ஜான் ஃபோர்ஸின் அணி, தலையைச் சுற்றிய கூண்டையே மாற்றி அமைத்தது, மெத்தையைத் தடிப்பாக்கியது. ஆகவே உன் வண்டியில் ஹெல்மெட் தொடக்கூடிய ஒவ்வொரு கம்பியிலும் எஸ்எஃப்ஐ 45.1 அல்லது 45.2 முத்திரையுள்ள மெத்தை இருக்க வேண்டும். கையால் அழுத்தினால் குழையும் சாதாரண நுரை, மோதலில் காகிதம்போல் தட்டையாகிவிடும். அதை ஒட்டி வைப்பதும் ஒன்றுதான், வெறும் கம்பியோடு விடுவதும் ஒன்றுதான்.

எல்லாம் மாட்டினால் எதுவும் ஆகாது என்றும் சொல்ல மாட்டேன். 2024 ஜூனில் வர்ஜீனியாவில் இஞ்சின் வெடித்துச் சுவரில் மோதியபோது, இன்றைய பாதுகாப்பு ஏற்பாடுகள் அத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஜான் ஃபோர்ஸுக்கே மூளையில் பலத்த காயம் ஏற்பட்டது. ஆனால் அவர் பிழைத்தார், நடந்தார், தன் வாயால் ஓய்வை அறிவித்தார். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவும்.

இனி வாங்கும் விஷயம். முதலில் இருக்கையின் சாய்வை அளந்துகொள். ஹான்ஸ் பல பாகைகளில் வருகிறது. நிமிர்ந்து உட்காரும் வண்டிக்கு ஒன்று, டிராக்ஸ்டரைப் போல மல்லாந்து சாயும் வண்டிக்கு வேறொன்று. தவறான பாகை வாங்கினால் நுகம் மார்பில் சரியாகப் படியாது. கூண்டிலோ இருக்கையிலோ இடிக்கும். அவள் தலை எப்போதும் முன்னால் தள்ளியபடி இருக்கும். அவளை இருக்கையில் உட்கார வைத்து, பெல்ட் இறுக்கி, ஹெல்மெட்டும் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதே. தோள் பெல்ட் நுகத்தின் மேலேயே நிற்க வேண்டும். நழுவினால் கருவி இருந்தும் இல்லாததுதான். இதற்கென்றே நுகத்தின் மேல் அமரும் இடத்தில் அகலம் குறைந்த பெல்ட்டுகள் கிடைக்கின்றன. பெல்ட்டின் முத்திரைக்கு ஆயுள் 2 ஆண்டுதான். வெயிலில் கிடந்த துணி பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் உள்ளே வலுவிழந்திருக்கும். கழுத்துக் கருவியை 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

ஹெல்மெட்டில் ஸ்னெல் முத்திரையைப் பார். 1956இல் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்த பீட் ஸ்னெல் நினைவாக அடுத்த ஆண்டு தொடங்கிய அறக்கட்டளை அது. எஸ்ஏ என்று தொடங்கும் முத்திரைதான் வேண்டும். எம் என்று தொடங்குவது மோட்டார் சைக்கிளுக்கு. அதில் தீச்சோதனையும் இல்லை, கூண்டுக் கம்பியில் மோதும் சோதனையும் இல்லை. விலை குறைவு என்று யாராவது அதை உன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஹான்ஸின் கொக்கி மாட்டும் இடத்தை நீயே துளைபோட நினைக்காதே. உற்பத்தியாளர் வைத்திருக்கும் திருகு இடங்கள் உள்ள ஹெல்மெட்டையே வாங்கு. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட், வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்நுரை நசுங்கியிருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிடச் சொல்.

கடைசியாக, வெளியேறும் பயிற்சி. எரிபொருளான மெத்தனால் எரியும்போது பகலில் சுடர் கண்ணுக்கே தெரியாது என்பது உனக்குத் தெரியும். புதுக் கருவி, புதுக் கொக்கிகள், புது இருக்கை. கண்ணைக் கட்டிக்கொண்டு பெல்ட்டைத் தட்டிவிட்டு, தலை எதிலும் சிக்காமல் வெளியே வர அவளால் முடிய வேண்டும். கைகள் தானாகவே அந்த வரிசையைச் செய்யும்வரை வீட்டிலேயே பழகட்டும். முதலில் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், விட்டுவிடாதே. சிறுவர் வண்டியில் ஓட்டியபோது பெல்ட்டை அவளே சரிபார்க்கப் பழக்கியவன் நீ. இதையும் உன்னால் செய்ய வைக்க முடியும்.

அடுத்த கடிதத்தில் மூன்று விவரம் அனுப்பு: இருக்கையின் சாய்வு, இப்போதுள்ள பெல்ட்டின் முத்திரையில் உள்ள தேதி, ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்னெல் முத்திரையின் ஆண்டு. எந்த அளவு வாங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். வண்டியின் கூண்டைத் தலைப்பக்கத்திலிருந்து எடுத்த படமும் இருந்தால் நல்லது. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய நண்பன்