பேச்சு பாட்டாக மாறும் இடம்

அன்புள்ள பிரபுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். நண்பர்கள் வீட்டில் ஒரு மியூசிக்கல் படம் ஓடியபோது அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாமல் எழுந்துபோய், கேட்காமலே அவர்கள் வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் கழுவி வைத்ததாக எழுதியிருந்தாய். "நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் ஏன் அம்மா திடீரென்று பாடத் தொடங்குகிறான்? பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது" என்ற உன் வரிகளை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் முழுக்க உன் கட்சி. காலையில் சவரம் செய்யும்போது எம்.எஸ்.வி. பாட்டு இரண்டாவது பாடாமல் முகம் கழுவாத மனிதர், வெள்ளைக்காரன் பாடினால் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார். இதைப் பற்றி உனக்கு விரிவாக எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

உன்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பது படம் எடுப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2023இல் வந்த 'வோங்கா', அடுத்த ஆண்டு வந்த 'மீன் கேர்ள்ஸ்' ஆகிய படங்களின் முன்னோட்டங்களைத் தேடிப் பார். அவை பாட்டுப் படங்கள் என்பதையே ஏறக்குறைய மறைத்து வெட்டியிருப்பார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் பலருக்கு விஷயம் தெரிந்தது. தான் விற்கும் சரக்கின் பெயரைச் சொல்லவே ஒரு வியாபாரி தயங்குகிறான் என்றால், வாங்க வருகிறவர்களின் மனக்கசப்பை அவன் அளந்து வைத்திருக்கிறான் என்றுதானே பொருள்?

நீ சொன்ன கூச்சம் நேர்மையான புகார். கதை நின்றுவிடுகிறது, நீளமாக இருக்கிறது, நம்பும்படி இல்லை என்று மற்றவர்கள் அடுக்கும் காரணங்களில் பெரும்பாலானவை அந்தக் கூச்சத்தின் கிளைகளே. பேசும்போது மனிதன் பாதியை மறைத்துக்கொள்கிறான். எதிரே இருப்பவனும் அந்த மறைவுக்கு மரியாதை கொடுத்து மீதியைத் தானே ஊகித்துக்கொள்கிறான். பாடத் தொடங்கியதும் அந்த ஏற்பாடு முறிந்துபோகிறது. அவன் மனத்தில் இருப்பது முழுவதும் வெளியே வந்துவிடுகிறது, அதுவும் அதே அறையில், அதே உடையில், ஒரு நிமிடத்துக்கு முன்பு காப்பி குடித்துக்கொண்டிருந்த அதே மேசையருகில். பார்க்கிற நமக்கு முகத்தை எங்கே திருப்பிக்கொள்வது என்று தெரிவதில்லை.

நம் படங்களில் வளர்ந்த உனக்கு ஏன் இது புதிதாக உறுத்துகிறது என்று யோசித்தேன். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' தொடங்கி நம் சினிமா பாட்டோடுதான் பிறந்தது. கம்பெனி நாடக மேடையிலிருந்து நேரே வந்தவர்களுக்குப் பாட்டில்லாத கதை என்று ஒன்று இருக்கலாம் என்பதே தோன்றியிருக்காது. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். எடுத்த 'அந்த நாள்' ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்து, பாராட்டு பெற்றும் முதல் ஓட்டத்தில் வசூலில் எடுபடவில்லை. ஆனால் நம் படத்துப் பாட்டு பெரும்பாலும் கதையை விட்டு வெளியே போய்விடுகிறது. மதுரையில் பேருந்துக்கு நின்ற பெண் அடுத்த நொடியில் பனிமலையில் வேறு புடவையில் நிற்பாள். எப்படிப் போனாள் என்று நாம் கேட்பதில்லை, அவளும் திரும்பி வந்ததும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அது கனவென்றும் மனவெளியென்றும் நமக்குள் எழுதப்படாத ஓர் உடன்பாடு இருக்கிறது. ஹாலிவுட் மியூசிக்கல் அந்தச் சலுகையைப் பெரும்பாலும் தருவதில்லை. பாட்டு கதைக்குள்ளேயே நடக்கிறது. பாட்டு முடியும்போது கதை ஓர் அடி நகர்ந்திருக்க வேண்டும். பாட்டில் சொன்ன காதல் சொன்னதுதான். ஆகவே, நம் பாட்டைக் கேட்டு வளர்ந்ததால் மியூசிக்கலும் தானாகப் பழகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த வகைப் படத்தை எடுப்பவனின் திறமை முழுவதும், என் கணக்கில், பேச்சு பாட்டாக மாறும் அந்த நாலைந்து விநாடிகளில்தான் இருக்கிறது. 1952இல் ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கிய 'சிங்கிங் இன் த ரெய்ன்' படத்தின் மழைக் காட்சியை உனக்காக மறுபடியும் போட்டுப் பார்த்தேன். நாயகனாகவும் நடிக்கும் கெல்லி தன் காதலியை வாசலில் விட்டுவிட்டு வெளியே வருகிறான். மழை கொட்டுகிறது. காத்திருக்கும் காரைக் கையசைத்துப் போகச் சொல்லிவிடுகிறான். குடைக்குள் நடக்கத் தொடங்கும்போது அவன் பாடுவதில்லை. சொல்லே இல்லாமல் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறான், மகிழ்ச்சியாக இருக்கும் எவனும் தெருவில் செய்யக்கூடிய காரியம் அது. பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு குடையை மடக்குகிறான். நனைவது என்று அவன் முடிவு செய்த அந்த இடத்தில்தான் சொற்கள் வருகின்றன. முணுமுணுப்பு, நடை, குடை, சொல், விளக்குக் கம்பம் என்று ஒவ்வொரு படியாக ஏறுவதால், தெருவோரத் தண்ணீரில் அவன் குதித்துக் கூத்தடிக்கும்போது நமக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் படுவதில்லை. போலீஸ்காரர் வந்து எதிரே நின்றதும் எல்லாம் அடங்கிப்போகிறது. கெல்லி அசட்டுச் சிரிப்போடு நழுவி, போகிற போக்கில் எதிரே வரும் ஒருவரிடம் குடையைக் கொடுத்துவிட்டுப் போகிறான். உன்னுடைய கூச்சம் அந்தப் போலீஸ்காரரின் உருவத்தில் படத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது, கவனித்தாயா? அதைப் படமாக்கியபோது கெல்லிக்கு 103 டிகிரி காய்ச்சல் என்று சொல்வார்கள்; பார்த்தால் தெரியாது.

அதே படத்தின் கதை, சினிமா பேசத் தொடங்கிய காலத்தில் குரல் சரியில்லாத ஒரு நட்சத்திரத்துக்குத் திரைக்குப் பின்னால் இன்னொரு பெண் குரல் கொடுப்பது பற்றியது. அந்தக் குரல்காரியாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே ஒரு பாட்டில் பெட்டி நாய்ஸ் என்ற வேறொரு பாடகி குரல் கொடுத்திருக்கிறார். உதடு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்பது மியூசிக்கல் பிடிக்காதவர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு குறை. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. 'த கிங் அண்ட் ஐ' படத்தில் டெபோரா கெர், 1961இன் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் நடாலி வுட், 1964இன் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்ன் ஆகிய மூவருக்கும் பாடியவர் மார்னி நிக்சன் என்ற ஒரே பெண்மணி. மூன்று படங்களிலும் அவர் பெயர் திரையில் வரவில்லை. விஷயம் வெளியே கசிந்தபோது அது அங்கே பெரிய ரகசியம் உடைந்ததுபோல ஆயிற்று. நம் வானொலியில் படத்தின் பெயருக்கு அடுத்து பாடியவர் பெயரைத்தான் சொல்வார்கள், பி. சுசீலா யாருக்குப் பாடினார் என்பது எங்களுக்கு ரகசியமில்லை, பெருமை. 'மை ஃபேர் லேடி' எட்டு ஆஸ்கர் வாங்கிய அந்த ஆண்டில் ஹெப்பர்ன் பெயர் சிறந்த நடிகைக்கான பட்டியலிலேயே இல்லை. மேடையில் அதே பாத்திரத்தை நடித்துப் புகழ்பெற்றும் படத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படாத ஜூலி ஆண்ட்ரூஸ், 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காக அந்த விருதைப் பெற்றுக்கொண்டார். நம் ஊர்க் கதாசிரியர்கள் எழுதியிருந்தால் மிகைப்படுத்தல் என்று சொல்லியிருப்போம்.

ஜூலி ஆண்ட்ரூஸ் என்றதும் 'த சவுண்ட் ஆஃப் மியூசிக்' பற்றி நீ கேட்பாய். 1965இல் வந்து உலகம் முழுவதும் ஓடிய படம். அதன் சாயலில் 1969இல் நம் 'சாந்தி நிலையம்' வந்தது. அதில் தித்திப்பு அதிகம் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். தந்தையாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மரே பல ஆண்டுகள் அந்தப் படத்தைக் கேலி செய்துகொண்டிருந்தார். கடைசியில் குடும்பம் நாஜிகளிடமிருந்து மலையேறித் தப்பிப்பதாகக் காட்டுகிறார்கள். கதைக்கு மூலமான உண்மையான டிராப் குடும்பம் அமைதியாக ரயில் ஏறி இத்தாலிக்குப் போனது. இருந்தாலும், அந்தக் கடுமையான தந்தை நெடுநாளாகத் தன் வீட்டில் தடை செய்து வைத்திருந்த இசையைக் குழந்தைகளின் குரலில் கேட்டு, வாசலில் நின்றபடி தானும் மெல்லச் சேர்ந்துகொள்ளும் இடத்தில் நான் விழுந்துவிடுகிறேன். அந்த மனிதர் பேசியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவர் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. ஆகவே பாடுகிறார்.

உன் புகாரை வேறு எவரையும்விடக் கூர்மையாகப் புரிந்துகொண்டவர் அமெரிக்க இயக்குநர் பாப் ஃபாஸி என்று நினைக்கிறேன். 1931ஆம் ஆண்டின் பெர்லினில் நடக்கும் 'கேபரே' கதையை 1972இல் படமாக்கியபோது, மேடை நாடகத்தில் வீட்டிலும் அறையிலும் பாடப்பட்ட பாட்டுகளை அவர் எடுத்துவிட்டார். படத்தில் பாட்டெல்லாம் இரவு விடுதியின் மேடையில், பாடுவதே தொழிலான லைசா மின்னெல்லியும் ஜோயல் கிரேயும் பாடுபவை. வெளியே எவரும் பாடுவதில்லை. அப்பா இந்தப் படத்தை முழுவதும் பார்த்து முடித்துவிட்டு, "இதில் என்ன மியூசிக்கல் இருக்கிறது?" என்று கேட்டார். ஆனால் ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரு திறந்தவெளி மதுத் தோட்டம், நல்ல வெயில், பொன்னிற முடியுள்ள ஓர் இளைஞன் காட்டைப் பற்றியும் நதியைப் பற்றியும் இனிமையாகப் பாடுகிறான். கேமரா அவன் முகத்திலிருந்து மெல்லக் கீழே இறங்குகிறது. கையில் ஸ்வஸ்திகா பட்டை. ஒருவர் எழுந்து சேர்ந்து பாடுகிறார், பிறகு ஒரு பெண், பிறகு மேசை மேசையாக எல்லோரும். ஒரு கிழவர் மட்டும் எழாமல் உட்கார்ந்திருக்கிறார். தெருவில் எல்லோரும் சேர்ந்து பாடுவது இயல்பா என்று கேட்டாய் அல்லவா? இயல்பில்லாத அந்தக் காரியம் நிஜத்தில் நடந்தால் எவ்வளவு பயங்கரமாக இருக்கும் என்பதை ஃபாஸி அந்த மூன்று நிமிடத்தில் காட்டிவிடுகிறார். அது பழைய நாஜிப் பாட்டு என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் எழுதியவர்கள் ஜான் கேண்டர், ஃப்ரெட் எப் என்ற இரண்டு யூதர்கள். 'த காட்ஃபாதர்' சிறந்த படமான அதே ஆண்டில் 'கேபரே' எட்டு ஆஸ்கர் வாங்கியது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் பிரெஞ்சுக்காரரான ஜாக் டெமி. 1964இல் வந்து கான் விழாவின் உயரிய பரிசைப் பெற்ற 'த அம்ப்ரெல்லாஸ் ஆஃப் செர்போர்க்' படத்தில் ஒரு வார்த்தைகூடப் பேச்சாக வருவதில்லை. எஞ்சின் சரியாகிவிட்டது, பெட்ரோல் போடு என்பது உட்பட அத்தனையும் மிஷெல் லெக்ரான் இசையில் பாட்டுத்தான். தொடக்கத்திலேயே கார் பட்டறையில் ஒரு தொழிலாளி, ஆப்பராவில் எல்லோரும் பாடிக்கொண்டே இருப்பது தனக்கு ஆகாது, சினிமாதான் பிடிக்கும் என்று சொல்கிறான். அதையும் பாடித்தான் சொல்கிறான். முதல் பத்து நிமிடம் சிரிப்பு வரும். ஆனால் பேச்சே இல்லாததால் பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாவும் இடமும் இல்லை. காது பழகிய பிறகு அது அவர்கள் ஊர்மொழியாகிவிடுகிறது. அந்த மொழியில் அல்ஜீரியப் போருக்கு அழைக்கப்படும் ஓர் இளைஞனும், குடைக்கடைக்காரியின் மகளும், கடன் நெருக்கடியில் தவிக்கும் அவள் தாயும், அவசரமாக முடிவான ஒரு திருமணமும் வருகின்றன. வில்லன் என்று எவரும் இல்லை. அந்தத் தாய் செய்வது சரியா தவறா என்று இன்றுவரை எனக்குள் தீர்ப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. நீ பார்த்தால் உன் கட்சி எது என்று சொல்.

உன்னோடு நான் உடன்படும் இடங்களும் உண்டு. 1960களின் இறுதியில் 'டாக்டர் டூலிட்டில்', 'ஸ்டார்!' என்று பணத்தைக் கொட்டி எடுத்த படங்கள் பார்ப்பவரைக் களைப்படையச் செய்தே வீழ்ந்தன. நடனத்தைத் துண்டு துண்டாக வெட்டுவதையும் என்னால் பொறுக்க முடிவதில்லை. பழைய ஹாலிவுட் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் தன் உடல் தலை முதல் கால் வரை சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், இடையில் வெட்டு இயன்றவரை இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர். அதனால்தான் 1935இன் 'டாப் ஹேட்' படத்தில் அவர் ஆடுவதை நாம் நம்புகிறோம். 2012இன் 'லே மிசராப்ல' படத்தில் நடிகர்களைப் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பாடவைத்தார்கள். துணிச்சல்தான், ஆனால் கேமரா அவர்கள் முகத்துக்கு அவ்வளவு அருகில் போய் நின்றதால், அழுகிறவரின் மூக்கைத் துடைத்துவிடலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆன் ஹாத்வேயின் ஒரு பாட்டு மட்டும் விலக்கு.

விடுமுறையில் நேரம் கிடைத்தால் முதலில் 'கேபரே'யைப் பார். அது உன்னைக் கூச்சப்படுத்தாது, கலங்க வைக்கும். பிறகு 'சிங்கிங் இன் த ரெய்ன்'. தனியாகப் பார்க்காதே, சிரிக்கத் தெரிந்த யாராவது பக்கத்தில் இருக்கட்டும். செர்போர்க் படத்தை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள், அதைத் தனியாகப் பார். இடையில் எழுந்து போனால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எந்தப் படத்தில், எந்தப் பாட்டின் எந்த இடத்தில் நிறுத்தினாய் என்பதை மட்டும் மறக்காமல் எழுது. அப்பாவிடம் காட்ட வேண்டும். அவர் எழுந்து போகும் இடங்களை நான் ஏற்கெனவே குறித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா