நாலு எண்ணினால் கால் ஒட்டாத பாட்டு

எங்கள் பள்ளியின் ஆண்டு விழாக் குழு ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

நான் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பா. பாளையங்கோட்டையில் ஒரு பேண்டு செட்டில் பதினைந்து வருடமாக சைடு டிரம் அடிக்கிறேன். கல்யாணம், சர்ச் அசன விருந்து, இறுதி ஊர்வலம் என்று எல்லாவற்றுக்கும் போவோம். அந்த உரிமையில்தான் இந்த மடல். ஆண்டு விழாவுக்கு நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெஸ்டர்ன் டான்ஸ் பழக்குகிறீர்கள். அது வேண்டாம், கரகாட்டமோ ஒயிலாட்டமோ வையுங்கள் என்று சொல்ல வரவில்லை. வெஸ்டர்னே தாராளமாக வையுங்கள். பாட்டைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் எனக்குத் தகராறு.

போன வாரம் சாயங்காலம் என் மகள் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், செல்போனை வைத்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தாள். நாலரை நிமிடத்துக்குள் ஆறு பாட்டை வெட்டி ஒட்டிய மிக்ஸ். மூன்றாவது துண்டு 'புளூ டான்யூப்'. வாய் "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்கிறது, கால் எங்கேயோ போகிறது. மறுபடி முதலிலிருந்து. நாலாவது தடவை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "சரியாத்தான் எண்ணுதேன், கால் ஒட்ட மாட்டேங்குப்பா" என்றாள்.

பிள்ளை மேல் தப்பில்லை. அது வால்ட்ஸ் என்கிற ஐரோப்பிய ஜோடி ஆட்டத்துக்கான இசை. யோகான் ஸ்ட்ராஸ் போட்டு, 1867-இல் வியன்னாவில் முதலில் ஒலித்த இசை. மூன்று தட்டு, முதல் தட்டு கனம், அடுத்த இரண்டும் லேசு. நம்ம கணக்கில் தகிட, தகிட. அதற்குப் போய்த் தகதிமி என்று நாலு எண்ணி ஸ்டெப் பழக்கியிருக்கிறீர்கள். பன்னிரண்டு தட்டு முடிந்தால்தான் பாட்டின் மூன்றும் பிள்ளையின் நாலும் மறுபடி சேரும். அதுவரை கால் அந்தரத்தில்தான். கோயில் கொடைக்குத் தவில் அடிக்கிற யாரைக் கேட்டிருந்தாலும் அடுத்த நொடியே சொல்லியிருப்பார்.

ஐந்தாவது துண்டு மக்கரேனா என்கிற ஸ்பானிஷ் பாட்டு. தட்டில் குறையே கிடையாது. நேரான நாலு, கையை நீட்டி, மடக்கி, இடுப்பில் வைத்தால் ஆட்டம் வந்துவிடும். 1996-இல் உலகமே ஆடியது சும்மா இல்லை. ஆனால் வரிகள்? காதலன் பட்டாளத்தில் சேரும் நேரத்தில் அவனுடைய இரண்டு நண்பர்களோடு சுற்றுகிற பெண்ணின் கதை. ஸ்பானிஷ் யாருக்குப் புரியப்போகிறது என்பீர்கள். இதே சங்கதி தமிழ் சினிமாப் பாட்டில் வந்திருந்தால் தலைமை ஆசிரியர் அறையில் பஞ்சாயத்து நடந்திருக்கும்!

வரியே இல்லாத வாத்திய இசையாக எடுத்தால் இந்தத் தலைவலி கிடையாது. போல்கா என்கிற ஐரோப்பிய ஜோடி ஆட்டத்தின் இசை இருக்கிறதே: இரண்டே தட்டு, ஒரே துள்ளல், ஒன்பது வயதுக் காலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. பையனும் பெண்ணும் கைகோக்கலாமா என்று பெற்றோர் கூட்டத்தில் முணுமுணுத்தார்கள். எதிரெதிரே இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டால் போயிற்று.

இன்னொரு யோசனை. கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் கண்மூடியது நம்ம எட்டயபுரத்தில். வெள்ளைக்காரர் மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் பாட்டு வரிகள் எழுதியிருக்கிறார்; நோட்டு ஸ்வரம் என்பார்கள். 'சியாமளே மீனாட்சி' நம்ம பிள்ளைகள் யூகேஜியில் பாடிய 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டேதான், நாலு தட்டு. 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜ வாழ்த்தின் மெட்டு, மூன்று தட்டு. இரண்டையும் போட்டுப் பிள்ளைகளைக் கைதட்டச் சொல்லுங்கள். நாலுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் கைக்கே தெரிந்துவிடும். அப்புறம் வால்ட்ஸ் வைத்தாலும் ஆடுவார்கள்.

ஆறு துண்டு மட்டும் வேண்டாம். ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. மிக்ஸ் போட்டுக் கொடுத்த சவுண்டு சர்வீஸ் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

வருகிற சனிக்கிழமை எனக்கு முகூர்த்த வேலை எதுவும் இல்லை. கூப்பிட்டால் டிரம்மோடு வருகிறேன். கூலி வேண்டாம், டீ வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்புப் பிள்ளையின் அப்பா,
பாளையங்கோட்டை