டி-ஷர்ட்டுக்கு ஒரு பக்கம், நடைபாதைக்கு அரை வரி

அன்புள்ள வடிவு,

மூன்று மாதமாக வாயே திறக்காமல் இருந்ததற்குத் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். அம்மா முழங்காலுக்கு அதே எண்ணெய்தான்.

உன் ஊருக்கான உடலியக்கத் திட்ட வரைவைப் படித்தேன். மாரத்தான் டி-ஷர்ட்டுக்கு ஒரு பக்கம், நடைபாதைக்கு அரை வரி. ஞானம் சார் எழுதினாரா? அவர் கை தெரிகிறது.

முதலில் கணக்கைத் திருத்து. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வைத்த இலக்கு, 2030-க்குள் உடலியக்கம் போதாதவர்களை 15 சதவீதம் குறைப்பது. நூறில் 40 பேர் என்றால், அந்த நாற்பதில் 15 சதவீதம் ஆறு பேர், ஆக 34 ஆக வேண்டும். நீங்கள் நாற்பதிலிருந்து பதினைந்தைக் கழித்து 25 என்று போட்டிருக்கிறீர்கள். அதை எந்த ஊராலும் எட்ட முடியாது. 2022 நிலவரப்படி இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அசைவு போதவில்லை. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42. உன் வரைவில் பெண்களுக்கென்று இருப்பது ஒரு கோலப்போட்டி. குனிந்து நிமிர்வதும் கணக்கில் சேரும்தான், ஆனாலும்!

'தொடர்ந்து பத்து நிமிடமாவது நடந்தால்தான் பலன்' என்ற வரியையும் எடுத்துவிடு. அதே நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனை போய்விட்டது. வாரத்துக்கு 150 நிமிடம் வேண்டும், துண்டு துண்டாகச் சேர்ந்தாலும் சரி. அதனால்தான் எனக்கு உங்கள் எட்டு கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதையைவிட, வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்குமான அரைக் கிலோமீட்டர்மேல் கண். தமிழக அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் அந்தப் பாதைகள் 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக வந்தன, நல்லதுதான். ஆனால் அங்கே விடிகாலையில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நடக்கிறவர்கள். சாயங்காலம் பையோடு வேலை விட்டு வருகிறவளுக்கு அது எதற்கு?

அவளுக்கு வேண்டியது 1.8 மீட்டர். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி நடைபாதைக்குச் சொல்லும் குறைந்தபட்ச அகலம் அது. தடையில்லாத அகலம், கவனி. மரம், மின்கம்பம், டிரான்ஸ்பார்மர், டீக்கடை பெஞ்சு எல்லாம் அதற்கு வெளியே தனிப் பட்டையில் நிற்க வேண்டும். வரைபடத்தில் இரண்டு மீட்டர் காட்டிவிட்டு நடுவில் மின்பெட்டியை நட்டால், மிச்சம் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற இடம்தான். சாலையிலிருந்து நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகவே கூடாது. மழைத்தண்ணீருக்குப் பயந்து ஒரு அடி உயர்த்துவார்கள். முழங்கால் வலிக்காரர் ஏறமாட்டார், சாலையிலேயே நடப்பார். இன்னொரு கூத்து, ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நடைபாதையையே இறக்கி ஏற்றுவது. பாதை ஒரே மட்டத்தில் போகட்டும், கார்தான் சரிவில் ஏறி இறங்க வேண்டும்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர், சைக்கிள்காரருக்கென்று கொள்கை போட்டது. போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதம் அவர்களுக்கு என்று எழுதியும் வைத்தது. பாண்டி பஜார் நடைபாதை நன்றாக வந்தது. அதைத் தாண்டி இரண்டு தெரு நடந்துபார், நான் ஏன் கத்துகிறேன் என்று தெரியும். கொள்கையைக் காட்டினால் தலையாட்டுவார்கள். ஒப்பந்தப்புள்ளியில் அளவு இல்லையென்றால் மேஸ்திரி கை வைத்ததுதான் அளவு.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் படம்பிடித்து 'வெற்றி' என்று அனுப்பாதே. வேலை தொடங்கும் முன் ஒரு செவ்வாய், சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுவரை ஒரே இடத்தில் நின்று எண்ணச் சொல். பெண்கள், முதியவர்கள் தனித்தனி. பாதையில் போனவர், சாலையில் இறங்கியவர் தனித்தனி. முடிந்தபின் அதே மாதத்தில், அதே கிழமையில் திரும்ப எண்ணு.

திருத்தியதை அனுப்பு. கோலப்போட்டியை வேண்டுமானால் வைத்துக்கொள், கலெக்டர் வருவார்.

உன்,
செல்வி