பந்தைப் பார்க்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி போனைப் பாதியில் வைத்துவிட்டாய். கோபமெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன் பாடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? சனிக்கிழமை அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தின் களைப்பு தீர்வதற்குள் அடுத்த வார எதிரணியின் ஃபிலிமை, அதாவது ஆட்ட வீடியோவை, பிளே பிளேயாகப் பிரித்து, திங்கள் காலை கோச்சுகள் கூடுவதற்கு முன்னால் ஷீட்டில் அத்தனை கட்டங்களையும் நிரப்பி வைக்க வேண்டும். ஆனால் வைப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னாயே, "இது கோச்சிங்கே இல்லம்மா, குமாஸ்தா வேலை" என்று. அதற்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நானும் குரலை உயர்த்துவேன். எழுதினால் கடைசி வரை படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் அந்த கவரேஜ் விவகாரம், அதாவது பாஸ் வந்தால் தடுப்பவர்களில் யார் யாரைப் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு. நீ "குவார்ட்டர்ஸ்" என்று போட்டதைக் கோச் எல்லார் எதிரிலும் நிறுத்தி, "இது டூ-ரீட், கண்ணைத் திறந்து பார்" என்றாராம். நீ சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. பின்னால் கடைசித் தடுப்பாளர்களான இரண்டு சேஃப்டிகள், ஏறக்குறைய ஒரே ஆழத்தில். வெளியே நின்ற ரிசீவர் (பாஸைப் பிடிப்பவன்), அவனுக்கு உள்பக்கம் ஸ்லாட்டில் நின்ற ரிசீவர், இரண்டு பேருமே நேராக மேலே ஓடினார்கள். ஓரத்துத் தடுப்பாளனான கார்னர் வெளியாளோடு போனான், சேஃப்டி உள்ளாளை எடுத்துக்கொண்டான். அப்படி ஓடினால் இரண்டு கவரேஜும் அச்சு அசல் ஒரே மாதிரிதானே தெரியும்? உள்ளே நிற்பவன் ஐந்து யார்டுக்குள் வெளிப்பக்கம் திரும்பி ஓடினால்தான் வித்தியாசம் வரும். டூ-ரீட் என்றால் கார்னர் அவன் மேல் பாய்வான், வெளியாளைச் சேஃப்டி மேலிருந்து பார்த்துக்கொள்வான். குவார்ட்டர்ஸ் என்றால் கார்னர் தன் ஆளை விடாமல் பின்வாங்குவான், ஃப்ளாட்டுக்கு, அதாவது ஓரமாக உள்ள அந்தக் கிட்டத்து இடத்துக்கு, வேறு யாராவது ஓடி வர வேண்டும். அந்த கிளிப்பில் அந்த ஓட்டமே இல்லை. நீ தப்பாகப் போட்டாய் என்று நான் சொல்ல மாட்டேன். படத்தில் இருப்பதற்கு மேல் போட்டுவிட்டாய்.

கோச்சுக்கு வேறு ஆட்டங்களைப் பார்த்துத் தெரிந்திருக்கலாம். இல்லை, அந்தக் கார்னரின் ஹெல்மெட்டைக் கவனித்திருப்பார். ஸ்நாப் ஆன, அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்த, முதல் இரண்டு அடியில் அவன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது? எதிரே நிற்பவனைப் பார்க்கிறானா, அவனைத் தாண்டி உள்ளே நிற்பவனைப் பார்க்கிறானா? உள்ளே கண்ணை வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் காலை நகர்த்துகிறான் என்றால் டூ-ரீட் என்று சந்தேகப்படலாம். அதுவும் சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. தெரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வை, திட்டினாலும் பரவாயில்லை. நீ அந்தக் கட்டத்தில் ஒரு பெயரை எழுதினால் என்ன ஆகும் என்று யோசி. திங்கட்கிழமை யாரோ ஃபில்டர் போட்டு, "தேர்ட் டவுனில் (மூன்றாம் முயற்சியில்) இவர்கள் குவார்ட்டர்ஸ்" என்று அட்டை அடிப்பார்கள். சனிக்கிழமை பந்தை வீசும் உங்கள் குவார்ட்டர்பேக் அதை நம்பி, ஸ்லாட்டில் நிற்பவன் வெளிப்பக்கம் திரும்பி ஓடும் அவுட் ரூட்டுக்கு வீசுவான். கார்னர் அங்கே காத்துக்கொண்டிருப்பான். பந்தைப் பறித்துக்கொண்டு, எதிரே ஒருத்தனும் இல்லாமல் எண்ட் ஸோன் வரை ஓடுவான். அந்தக் குவார்ட்டர்பேக் பையனைத்தான் ஊரே திட்டும், உன்னை இல்லை. குமாஸ்தா வேலை என்கிறாயே!

எனக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தது டிவி இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ ஹைஸ்கூலில் ஆடிய காலத்தில் பிரெஸ் பாக்ஸ் மேல் கேமரா பிடிக்க ஆள் கேட்டார்கள், வேறு யாரும் கை தூக்கவில்லை. டெக்சஸ் செப்டம்பரில் சாயங்காலம் ஏழு மணிக்கும் அந்தத் தகரத் தளம் செருப்பைத் தாண்டிச் சுடும். உங்கள் கோச் எனக்குச் சொன்ன விதிகள் கொஞ்சம்தான். இருபத்திரண்டு பேரும் எப்போதும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஸ்நாப்புக்கு முன்பே பதிவு தொடங்க வேண்டும், விசில் ஊதிய பிறகே நிறுத்த வேண்டும். நடுவில் ஸ்கோர்போர்டை ஒரு தடவை எடுக்க வேண்டும், டவுனும் தூரமும் பிறகு தெரிவதற்காக. பந்தின் பின்னாலேயே ஓடினால் கல்யாண வீடியோ ஆகிவிடும். முதல் சில ஆட்டங்களில் கேமராவை உன் பக்கம் திருப்பக் கை துடிக்கும். நீ கீழே விழுந்து எழுந்திருக்க நேரமானால் என் விரல் ஜூமுக்குப் போய்விடும். பழகப் பழக உன்னைவிட்டு மற்றவர்களும் கண்ணில் படத் தொடங்கினார்கள். முன்வரிசையில் கார்டு இடத்தில் நின்ற அந்த குண்டுப் பையன் தரையில் ஊன்றிய கை அழுந்தி, விரல் முட்டி வெளுத்திருந்தால் ஓட்டம். கை லேசாகத் தரையைத் தொட்டிருந்தால் பாஸ். எதிரணிக் கோச்சும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியபோது உடம்பு சிலிர்த்துவிட்டது, போ.

டிவிக்காரர்களுக்குப் பந்துதான் முக்கியம், அதனால் சேஃப்டிகள் பெரும்பாலும் படத்துக்கு வெளியே நிற்பார்கள். இருபத்திரண்டு பேரும் தெரியும்படி கோச்சுகள் பார்க்கும் ஆல்-22 படத்தை அமெரிக்க புரொஃபஷனல் லீக்கான என்எஃப்எல் 2012-இல்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. உங்கள் அப்பா அதற்குப் பணம் கட்டிக்கொடுத்தார். அவர் இன்னும் கிரிக்கெட் ஆள், நான் ஒரே பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். உன் தொழிலின் முன்னோர், பழைய கோச் சிட் கில்மன் குடும்பம் மினியாபோலிஸில் சினிமா தியேட்டர் நடத்தியது தெரியுமா? தியேட்டரில் போடும் செய்திப்படமான நியூஸ்ரீலில் ஃபுட்பால் வரும் துண்டுகளை வெட்டி எடுத்து வீட்டில் போட்டுப் பார்த்தாராம். அவரும் ஒரு ரகக் குமாஸ்தாதான்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 2015 பிப்ரவரி 1, அரிசோனாவில் க்ளென்டேல். என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் 49. நீ அப்போது மிடில் ஸ்கூல், தூங்கச் சொன்னால் கேட்கவில்லை. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. சீஹாக்ஸ் எண்ட் ஸோனுக்கு ஒரு யார்டு தள்ளி, ஒரு யார்டு கோட்டில், செகண்ட் டவுன், மிச்சம் ஒரே ஒரு டைம் அவுட், 26 விநாடி. முந்தின பிளேயில் அவர்கள் ஓட்டக்காரன் மார்ஷான் லின்ச் நான்கு யார்டு இடித்துக்கொண்டு போயிருந்தான். எல்லாரும் மறுபடி லின்ச்தான் என்று நினைத்தபோது குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் பந்தை வீசினான், பேட்ரியட்ஸ் கார்னர் மால்கம் பட்லர் பறித்துக்கொண்டான். அன்றைக்கு உங்கள் அப்பாகூட, "இவ்வளவு முட்டாளா இருப்பாங்களா?" என்று கேட்டார். இன்றைக்கும் அப்போதைய சீஹாக்ஸ் கோச் பீட் கேரல் பெயர் வந்தால் அதே பேச்சு.

அந்த கிளிப்பை எடுத்து, பந்து கையைவிட்டுப் போவதற்கு முன்னால் நிறுத்து. முடிவு தெரியாதவனாகப் பார். டைம் அவுட் ஒன்றுதான். ஓடி மாட்டிக்கொண்டால் அதைச் செலவழிக்க வேண்டும், அப்புறம் தேர்ட் டவுனில் ஓடத் துணிவு வராது. ஒரு பாஸ் வீசி அது தரையில் விழுந்தால் கடிகாரம் தானாக நிற்கும், இரண்டு ஓட்டம் மிச்சம். மூன்று டவுனையும் பயன்படுத்த வேண்டுமென்றால் நடுவில் ஒரு பாஸ் வந்தே தீரும். எதிரே பேட்ரியட்ஸ் கோச் பில் பெலிசெக் ஓட்டத்தை மறிக்கும் கனத்த ஆட்களை முன்னால் நிறுத்தி, பின்னால் மூன்று கார்னர்களை வைத்திருக்கிறார். அந்த சீசனில் ஒரு யார்டு கோட்டிலிருந்து வீசிய எந்தப் பந்தும் அதுவரை எதிராளி கைக்குப் போனதில்லை. பாஸ் என்று முடிவெடுத்ததில் எனக்குக் குறை தெரியவில்லை.

ரூட்தான், அதாவது ரிசீவர்களை ஓடவிட்ட வழிதான், எனக்குப் பிடிக்கவில்லை. வலது பக்கம் இரண்டு ரிசீவர்கள் ஒருவன் பின்னால் ஒருவனாக, "ஸ்டாக்" என்பார்களே அப்படி, நிற்கிறார்கள். முன்னால் ஜெர்மெய்ன் கியர்ஸ், பின்னால் ரிக்கார்டோ லாக்கெட். கியர்ஸ் முன்னே போய் உள்ளிருக்கும் ஆட்களைத் தடுத்து இடைஞ்சல் செய்ய வேண்டும், அந்த இடைவெளியில் லாக்கெட் உள்பக்கம் ஸ்லான்ட்டாக வெட்டி வர வேண்டும். இது அத்தனையும் கியர்ஸ் ஓரடி நகர்ந்தால்தான் நடக்கும். எதிரே நிற்பவன் பேட்ரியட்ஸ் கார்னர் பிராண்டன் பிரௌனர், ஆறடி நாலங்குலம். முந்தின வருஷம் வரை அதே சீஹாக்ஸில் ஆடியவன், அவர்கள் வழக்கம் தெரிந்தவன். முன்னால் நிற்பவனைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, பட்லரைப் பின்னே நிற்கச் சொல்கிறான். டிவியில் பந்தைப் பார்க்கிறவனுக்கு இது கண்ணில் படாது. ஆல்-22-வில் எண்ட் ஸோன் பக்கத்துப் படத்தைப் போடு. ஸ்நாப் ஆனதும் பிரௌனரின் இரண்டு கையும் கியர்ஸ் நெஞ்சில். கியர்ஸ் நின்ற இடத்திலேயே நிற்கிறான். பட்லருக்கு முன்னால் பாதை வெறிச்சென்று கிடக்கிறது. லாக்கெட் தன் இடத்துக்கு வரும்போது பட்லர் ஏற்கெனவே அங்கே இருக்கிறான். பட்லர் பேர்தான் சரித்திரத்தில் நிற்கும், நிற்கட்டும். ஆனால் நீ அந்த பிளேக்கு மார்க் போடுகிறாய் என்றால் முதல் மார்க் பிரௌனருக்குப் போட வேண்டும்.

இதில் இன்னொருத்தன் இருக்கிறான், அவன் பேரை யாரும் சொல்வதில்லை. அந்த வாரம் பேட்ரியட்ஸ் பயிற்சியில் சீஹாக்ஸ் மாதிரி ஆடிக்காட்ட ஒரு குழு இருந்தது அல்லவா, அதில் இதே ஸ்டாக், இதே ஸ்லான்ட்டை மாற்றுக் குவார்ட்டர்பேக் ஜிம்மி கராப்போலோ வீச, பிராக்டிஸ் ஸ்குவாடில் இருந்த ஜாஷ் பாய்ஸ் பிடித்தான். பட்லர் அன்றைக்குச் சுற்றிப் போய் மாட்டிக்கொண்டான். இதில் நீ இருக்க வேண்டும் என்று பெலிசெக் அவனிடம் சொன்னார். அந்த ஃபார்மேஷன் எப்படி அந்தப் பயிற்சிக்கு வந்தது? சியாட்டில் ஃபிலிமில் யாரோ அதைப் பார்த்து, கட்டத்தில் எழுதி, அட்டையில் வரைந்து, பாய்ஸ் கையில் கொடுத்ததால் வந்தது. எழுதியவன் கோல் லைனில் அது "ஸ்டாக்" என்பதைச் சோம்பலில் வெறும் "ட்வின்ஸ்" என்று போட்டிருந்தால், அட்டையில் இரண்டு பேரும் பக்கம் பக்கமாக நின்றிருப்பார்கள்.

அதனால் ஒரு வேலை செய். நாளையிலிருந்து ஷீட்டில் ரிசல்ட் பத்தியை மறைத்துவிட்டு நிரப்பு. ஒவ்வொரு கிளிப்பையும் ஸ்நாப்பில் நிறுத்தி பெர்சனெல் (களத்தில் எந்த வகை ஆட்கள் எத்தனை பேர்), ஃபார்மேஷன் (அவர்கள் நிற்கும் அமைப்பு), சேஃப்டி ஒருவனா இருவரா என்பதை எழுதிவிடு. அப்புறம் ஓடவிட்டு, பந்து கையைவிட்டுப் போகும் நேரத்தில் மறுபடி நிறுத்தி கவரேஜ் எழுது. ரிசல்ட் கடைசியில். டச்டவுன் என்று தெரிந்த பிளேயில் சேஃப்டி தூங்கிவிட்டான் என்று கண் தானாக முடிவு கட்டும். பல தடவை அவன் சொன்னபடிதான் நின்றிருப்பான், நடுவரிசைத் தடுப்பாளனான லைன்பேக்கர்தான் ஆழத்துக்குப் போயிருக்க மாட்டான். நேரம் கூடுதலாகும் என்று முனகுவாய். ஆகட்டும்.

சதவீதம் போட்டுக் கொடுப்பதிலும் நிதானம் வேண்டும். இடது ஹாஷ், செகண்ட் அண்ட் லாங், 12 பெர்சனெல் என்று ஒவ்வொரு நிபந்தனையாகப் போட்டு வடிகட்டிக்கொண்டே போனால் கடைசியில் நாலு பிளேதான் நிற்கும். அதில் மூன்று ஓட்டம் என்றால் 75 சதவீதம் என்று எழுதாதே, நாலில் மூன்று என்று எழுது. படிக்கிறவர் தானே எடை போட்டுக்கொள்வார்.

அந்தக் கோச்சிடம் போய் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். டூ-ரீட் என்று எதை வைத்துச் சொன்னார் என்று மட்டும் கேள். நல்ல ஆளாக இருந்தால் உட்காரவைத்துக் காட்டுவார். இல்லாவிட்டாலும் உனக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பருப்புப்பொடியும் நாரத்தங்காயும் பார்சலில் வருகிறது, ஃபிலிம் ரூமில் வைத்துப் பிரிக்காதே, நாள் பூராவும் மணக்கும். அக்கா தேங்க்ஸ்கிவிங்குக்கு வருகிறாளாம், உனக்கு ஆட்டம் இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் அடுத்த எதிரணியின் ஆட்டத்தை நானும் டிவியில் பதிந்து பார்த்தேன். ஸ்லாட்டில் நிற்பவன் ஸ்நாப்புக்கு முன்னால் குறுக்கே மோஷனில் போனால், அவனுக்கு எதிரே நிற்கும் நிக்கல் என்ற தடுப்பாளன் பின்தொடர்வதில்லை, லைன்பேக்கர்கள் ஓரடி நகர்ந்து கொள்கிறார்கள். ஸோன், அதாவது ஆளை இல்லை இடத்தைக் காக்கிறார்கள், என்று வைத்துக்கொண்டேன். மூன்றாம் குவார்ட்டரில் ஒரே ஒரு தடவை நிக்கல் கூடவே ஓடினான், அவன் விட்டுப்போன பக்கத்திலிருந்து குவார்ட்டர்பேக் மேல் பாயும் பிளிட்ஸ் வந்தது. அது மேனா (ஆளுக்கு ஆள் காப்பதா), இல்லை மோஷனைப் பார்த்ததும் பிளிட்ஸை மாற்றிக்கொண்டார்களா? சேஃப்டி படத்துக்கு வெளியே போய்விட்டான், எனக்குத் தெரியவில்லை. உன் ஃபிலிமில் இருக்கும். டீம் ரகசியம் ஒன்றும் வேண்டாம், சனிக்கிழமை ஆட்டம் முடிந்த பிறகு சொன்னால் போதும்.

அன்புடன்,
அம்மா