இருபத்தொன்றாம் ஆளும் இருபத்திரண்டாம் ஆளும்

மினியாபொலிஸ்,
23 பிப்ரவரி 2025

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. உறைமேல் உன் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததும் இவள் பயந்தே போனாள். இந்தக் காலத்தில் கையால் எழுதிய கடிதம் வந்தாலே ஏதோ கெட்ட சேதி என்றுதான் தோன்றுகிறது. பிரித்தால் நாலு பக்கமும் அமெரிக்கக் கால்பந்தில் கோப்பை வென்ற உங்கள் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் ஊர்வலம்! முட்டி ஆபரேஷன் ஆகி ஆறு வாரம்கூட ஆகவில்லை, அந்தக் குளிரில் பிராட் தெருவில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறாய். தங்கச்சி திட்டியதில் தப்பே இல்லை.

சரி, சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தில் 40–22. சீஃப்ஸை அப்படிப் புரட்டி எடுத்ததற்கு வாழ்த்து. எங்கள் மினசோட்டா வைகிங்ஸ் கதை உனக்குத் தெரியும். 14 ஆட்டம் ஜெயித்துவிட்டு, பிளேஆஃப் என்ற நாக்அவுட் கட்டத்தின் முதல் சுற்றிலேயே ராம்ஸிடம் 27–9 என்று தோல்வி. நாலு சூப்பர் பௌலுக்குப் போய் நாலிலும் தோற்ற அணி இது. அழுவதற்குக்கூட அலுப்பாக இருக்கிறது. பையன் கல்லூரிக்குப் போனபிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஒரே லாபம், சனிக்கிழமைகளில் ரிமோட்டுக்குச் சண்டை போட ஆளில்லை. காலையிலிருந்து நள்ளிரவு வரை கல்லூரி ஆட்டம்தான். பனி தள்ளித் தள்ளி இடுப்பு போய்விட்டது, அது தனிக்கதை.

உன் மகள் கேட்டதற்கு வருகிறேன். வகுப்பில் ஒரு கல்லூரி ரிசீவரை, அதாவது ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிற ஆட்டக்காரனை, என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் தேர்வாளர் கண்ணோடு பார்த்து அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், "மாமாகிட்ட கேளு" என்று நீ கை காட்டிவிட்டாய். இந்த வாரம் இண்டியானாபொலிஸில் கம்பைன், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அளந்து பார்க்கும் முகாம், தொடங்குகிறது. யார் 40 கெஜத்தை எத்தனை நொடியில் ஓடினான் என்று ஊரே பேசும். அந்தச் சத்தத்துக்குள் போகுமுன் அவள் ஒரு பழைய வழக்கை எடுத்துப் படிக்கட்டும். உனக்கு வலிக்கும் வழக்கு. 2020 டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு, அதன் முதல் சுற்று.

21-ஆவது இடத்தில் உன் ஆட்கள் டிசியூ கல்லூரியின் ஜேலன் ரேகரை எடுத்தார்கள். 22-ஆவதாக நாங்கள் எல்எஸ்யூவின் ஜஸ்டின் ஜெஃபர்சனை எடுத்தோம். அன்று நீ போன் செய்து என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "எங்களுக்கு வேகம் வேணும்டா, உங்காளு வெறும் ஸ்லாட்." இந்த ஐந்து வருடத்தில் அதை நான் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. இன்று ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் நீ சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2019-இல் ஜெஃபர்சன் 111 பந்து பிடித்தான், 1,540 கெஜம், 18 டச்டௌன், அதாவது 18 முறை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்தான். ஓக்லஹோமாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு டச்டௌன், நாலும் முதல் பாதியிலேயே. ஆனால் அந்த வருடம் முழுவதும் கிட்டத்தட்ட ஸ்லாட்டில்தான் நின்றான், அதாவது ஓரத்தில் இல்லாமல் உள்ளே தள்ளி. அங்கே நிற்பவனுக்கு இடமும் வலமும் வழி திறந்திருக்கும். ஓரத்தில் நிற்பவனுக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு, எதிரே முகத்துக்கு நேராக அவனைத் தடுக்கிற கார்னர்பேக். போதாததற்கு ஜெஃபர்சனுக்குப் பந்து எறிந்தவன் ஜோ பர்ரோ என்ற கெட்டிக்காரன், மறுபக்கம் ஜமார் சேஸ் என்ற இன்னொரு நல்ல ரிசீவர். இத்தனை சௌகரியத்தில் யார்தான் பிடிக்கமாட்டான் என்று கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான்.

பதில் எங்கே இருந்தது தெரியுமா? 2018 டேப்பில், அதாவது ஆட்டப் பதிவுகளில். புகழ் வருவதற்கு முந்தைய வருடம். அப்போது அவன் பெரும்பாலும் ஓரத்தில்தான் ஆடினான். 54 பந்து, 875 கெஜம். எண்ணிக்கை சிறிது, வேலை கஷ்டமானது. மறுவருடம் அவனை உள்ளே நகர்த்தியது பயிற்சியாளர்களின் திட்டம். ஆகவே "எங்கே நின்றான்" என்பது அவன் திறமையைப் பற்றிய சேதியே இல்லை, எல்எஸ்யூவின் வசதியைப் பற்றிய சேதி. அவளுடைய அறிக்கையின் முதல் வரியாக நான் எதிர்பார்ப்பது இதைத்தான்: இந்தப் பையனிடம் என்ன கேட்டார்கள், கேட்காமல் விட்டது என்ன. கேட்காததை அவனால் முடியாதது என்று எழுதிவிடக்கூடாது.

ரேகருக்கும் இதே நியாயத்தைக் கொடுத்துத்தான் உங்கள் ஆட்கள் எடுத்தார்கள், அதுதான் வேடிக்கை. 2018-இல் ஆயிரம் கெஜம் தாண்டியவன், 2019-இல் 43 பந்தும் 611 கெஜமுமாகச் சுருங்கிவிட்டான். பந்து எறிந்தவன் முதலாண்டுப் பையன், குற்றம் அவன்மேல் என்றார்கள். பாதி உண்மையும்கூட. ஆனால் மோசமான பந்துவீச்சைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ரிசீவரின் கால் தெரியும். அவனுடைய காலில் வேகம் இருந்தது, 42 அங்குலம் எம்பினான். திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு தயக்கம். நான் அப்போதே கண்டுபிடித்துவிட்டேன் என்று பீற்றிக்கொள்ளவில்லை. பிறகு பார்த்தபோதுதான் தெரிந்தது.

டிவியில் ஆட்டம் பார்த்து ரிசீவரை எடைபோட முடியாது என்று அவளிடம் சொல். கேமரா பந்தோடு போகிறது. ரிசீவரின் வேலையில் முக்கால்வாசி பந்து வருமுன்பே முடிந்துவிடுகிறது. 22 பேரும் தெரிகிற மேல்கோணப் படம் வேண்டும். கைகளை அப்புறம் பார்க்கலாம், முதலில் கால்களைப் பார்க்கட்டும். எதிரே கார்னர்பேக் மூச்சுபடும் தூரத்தில் நிற்கிறான். முதல் இரண்டு எட்டில் அவனை எப்படித் தாண்டுகிறான்? நம் ஹாஸ்டல் மைதானத்தில் கபடியில் நீ ரெய்டு போகும்போது இடதுகாலை முன்னே ஆட்டிவிட்டு வலப்பக்கம் பாய்வாயே, அதேதான். இங்கே அதற்கு 'ரிலீஸ்' என்று பெயர், அவ்வளவே. அடுத்து, முழு வேகத்தில் போகிறவன் திரும்பும் இடத்தில் இடுப்பைத் தாழ்த்துகிறானா, அல்லது நாலு சின்ன எட்டு வைத்து, "இதோ திரும்பப்போகிறேன்" என்று தண்டோரா போடுகிறானா? அப்புறம்தான் கை. பந்தை உடம்பிலிருந்து தள்ளி, விரல்களால் பறிக்கிறானா? மார்பில் வாங்கி அணைக்கிறானா? அணைக்கிறவனிடமிருந்து மேல்மட்டத்தில் தட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, மைதானமே வேறு. பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் இடத்துக்கு எல்லையான இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை. கல்லூரியில் பந்தை ஒரு ஓரமாக வைத்தால் மறுபக்கம் வயக்காடு மாதிரி காலியாகக் கிடக்கும். அங்கே தனியே நின்று பிடித்த பந்துகளை என்ன கணக்கில் சேர்ப்பது? கல்லூரியில் ஒரு கால் உள்ளே பட்டால் கேட்ச். மேலே, அதாவது என்எஃப்எல்லில், இரண்டும் படவேண்டும். நான் ஒரு சீட்டில் கோடு போட்டுக்கொண்டே பார்ப்பேன்: இந்தப் பந்து மேலேயும் செல்லுமா, செல்லாதா என்று. சில பெரிய பெயர்களெல்லாம் பாதியாகிவிடுகின்றன.

ஓட்ட நேரம் பொய் என்று சொல்லவரவில்லை. 2017-இல் ஜான் ராஸ் 40 கெஜத்தை 4.22 நொடியில் ஓடினான், டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாகப் போனான், முதல் வருடம் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். டிகே மெட்காஃபை எடுத்துக்கொள். 228 பவுண்டு உடம்பைத் தூக்கிக்கொண்டு 4.33! ஆனால் கூம்புகளைச் சுற்றித் திரும்பும் ஓட்டத்தில் 7.38. மெதுவான ஓட்டத்துக்குப் பேர்போன டாம் பிரேடியே அதைவிட வேகமாக ஓடியிருந்தார். எல்லாரும் பயந்து விலக, 64-ஆவது ஆளாக சியாட்டிலுக்குப் போனான். அந்த 7.38 உண்மையைத்தான் சொன்னது. வெட்டித் திரும்புவது அவனுக்குக் கைவந்த கலை இல்லை. சியாட்டில்காரர்கள் அவனிடம் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை, நேராக ஓடச் சொன்னார்கள். முதல் வருடமே பிளேஆஃபில் உங்கள் ஊருக்கே வந்து 160 கெஜம் எடுத்துவிட்டுப் போனான். அவனுக்கு ஏழு இடம் முன்னால் நீங்கள் எடுத்தது அர்செகா-வைட்சைடை. மன்னித்துக்கொள், இதையும் எழுதாமல் இருக்கமுடியவில்லை.

ஆகவே ரிசீவரைப் பற்றிய அறிக்கை பாதிதான் ரிசீவரைப் பற்றியது. மறுபாதி அவனை எடுக்கப்போகும் வீட்டைப் பற்றியது. 2019-இல் உங்கள் ரிசீவர்கள் ஒவ்வொருவராகக் காயத்தில் விழுந்து, கல்லூரியில் குவாட்டர்பேக்காக, அதாவது பந்து எறிபவனாக, ஆடிய கிரெக் வார்டை நம்பி சீசனை முடித்தீர்கள். அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்த கண்ணுக்கு ஓட்டையின் அளவில் ஒரு ஆள், ரேகர், தெரிந்துவிட்டான்.

நாங்கள் மட்டும் யோக்கியமா? 2005-இல் எங்கள் ரிசீவர் ராண்டி மாஸை விற்றுவிட்டு, அதற்கு ஈடாகக் கிடைத்த ஏழாவது இடத்தில் வேகம், வேகம் என்று டிராய் வில்லியம்சனை எடுத்தோம். வேகம் இருந்தது, பந்துதான் கையில் நிற்கவில்லை. 2016-இல் லக்வான் டிரெட்வெல். முதல் சுற்று, முதல் வருடம் முழுக்க ஒரே ஒரு கேட்ச், 15 கெஜம். ஸ்டெஃபான் டிக்ஸை பஃபலோவுக்குக் கொடுத்து வாங்கிய இடத்தில்தான் ஜெஃபர்சன் கிடைத்தான். நீங்கள் அவனை எடுத்திருந்தால் நாங்கள் யாரை எடுத்திருப்போமோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

2022-இல் ரேகரே எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்ததை மறந்திருக்கமாட்டாய். ஒரே அணியில் இருபத்தொன்றும் இருபத்திரண்டும். செப்டம்பரில் உங்கள் ஊரில் திங்கள்கிழமை ஆட்டம்; உங்கள் கார்னர்பேக் டேரியஸ் ஸ்லே ஜெஃபர்சனை 48 கெஜத்தோடு கட்டிப்போட்டார், நீ விடிய விடிய மெசேஜ் அனுப்பினாய். எனக்கு அன்று ரேகர் மேல்தான் கண். 21 வயதில் அவனை எடுத்தார்கள். எடுங்கள் என்று அவன் கேட்கவில்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொருவனுடைய பெயரைப் போட்டே ஆயுள் முழுக்க எழுதப்போகிறார்கள். நானும் இந்தக் கடிதத்தில் அதைத்தானே செய்திருக்கிறேன்.

அவள் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் சரி. பெயரையும் கல்லூரியையும் மறைத்துவிட்டு, முந்தைய வருட ஆட்டம் மூன்று, அவனுக்கு மோசமாகப் போன ஆட்டம் ஒன்று பார்க்கச் சொல். பந்து நழுவியபின் அடுத்த முறை எப்படி ஓடுகிறான் என்பதை எழுதச் சொல். எழுதியதை எனக்கு அனுப்பட்டும், சிவப்பு மையோடு காத்திருக்கிறேன்.

மே மாதம் பையனின் லீவில் அங்கே வரலாம் என்றிருக்கிறோம். போன தடவை தங்கச்சி கொடுத்த மோர்மிளகாய் தீர்ந்து மூன்று மாதம் ஆகிறது, காதில் போட்டுவை. முட்டியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். அடுத்த ஊர்வலத்துக்கு நாற்காலி எடுத்துக்கொண்டு போ.

உன் பழைய அறைத்தோழன்