சணல் குடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. நான் நாகாலாந்தில் இருக்கும் கொஹிமா போய்விட்டு முந்தாநாள்தான் வீடு திரும்பினேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒசாகாவில் உன்னோடு வேலை பார்க்கும் பெண், தன் கொள்ளுத்தாத்தா இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இம்பால் போரில் இறந்துபோனார் என்று சொன்னபோது, "எங்கள் தாத்தாவும் அங்கேதான் இருந்தார்" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டுவிட்டதாகச் சொன்னாய். "தாத்தா யாரையாவது சுட்டாராப்பா?" என்றும் கேட்டாய். அந்தக் கேள்விதான் என்னை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர், பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் ரோடு, பாலம் போடும் பிரிவு அது. பட்டாளத்தில் அவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம். கையில் துப்பாக்கி இருந்தது, ஆனால் மண்வெட்டி பிடித்த நேரம்தான் அதிகம். சண்டையைப் பற்றி அவர் என்னிடம் சொன்னதெல்லாம் சேறு, மழை, சாக்கு மூட்டை, இந்த மூன்றைத்தான். சின்ன வயதில் எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லையே என்று நினைப்பேன். அந்த மூட்டைதான் முழுக் கதையும் என்பது எனக்கு இந்த வயதில்தான் புரிகிறது.

1944 மார்ச்சில் ஜப்பானின் 15ஆவது படை, முதாகுச்சி என்ற தளபதியின் கீழ், மூன்று டிவிஷன்களாகப் பர்மாவின் சிந்த்வின் ஆற்றைத் தாண்டி வந்தது. ஒவ்வொரு சிப்பாயும் ஏறக்குறைய மூன்று வாரச் சாப்பாட்டை முதுகில் சுமந்து வந்தான். இறைச்சிக்காக மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஆற்றைக் கடக்கும்போதே நிறைய மாடுகள் வெள்ளத்தோடு போய்விட்டன. மூன்று வாரத்துக்குள் இம்பாலைப் பிடித்துவிடலாம், அப்புறம் அங்குள்ள கிடங்குகளில் இருப்பதைச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

மார்ச் கடைசியில் கொஹிமா - இம்பால் சாலையை அவர்கள் அறுத்துவிட்டார்கள். இம்பால் சமவெளியில் ஒன்றரை லட்சம் பேர் மாட்டிக்கொண்டார்கள், உன் தாத்தாவும் அவர்களில் ஒருவர். ஜூன் 22 வரை அந்தச் சாலை திறக்கவில்லை. அத்தனை நாளும் அத்தனை பேருக்கும் சோறு வானத்திலிருந்துதான் வந்தது.

தினமும் விடிந்ததும் டகோட்டா விமானங்கள் வரும். இறக்கு, ஏற்று, ஓடுபாதையில் குழி விழுந்தால் மூடு, அடுத்ததை இறக்கு. இதுதான் தாத்தாவின் போர். பர்மாவின் அரக்கான் பகுதியில் சண்டை போட்டுக்கொண்டிருந்த 5ஆவது இந்திய டிவிஷனை, பீரங்கி, கோவேறு கழுதைகளோடு விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோய்க்கொண்டிருந்த அமெரிக்க விமானங்களில் சிலவற்றையும் மவுண்ட்பேட்டன் இதற்காகத் திருப்பிவிட்டார். ஏப்ரல் 18 முதல் ஜூன் 30 வரை மட்டும் சுமார் 19,000 டன் சாமான் வந்து இறங்கியது. திரும்பிப் போகும் விமானங்களில் காயம்பட்டவர்களையும், சண்டை போடாத பல்லாயிரம் கூலியாட்களையும் ஏற்றி அனுப்பினார்கள். சாப்பிடும் வாய் குறையவேண்டும் என்பதுதான் காரணம். இருந்தும் ரேஷனைக் குறைக்கத்தான் வேண்டியிருந்தது. தட்டில் ஒரு பருக்கை விட்டாலும் தாத்தா எழுந்து வந்து நம் பக்கத்தில் நிற்பாரே, ஞாபகம் இருக்கிறதா? திட்டமாட்டார், அதை நாம் எடுத்துச் சாப்பிடும் வரைக்கும் சும்மா நிற்பார்.

விமானம் இறங்க வழியில்லாத மலை முகடுகளில் இருந்தவர்களுக்கு மேலிருந்துதான் போடவேண்டும். அரிசி, ஆட்டா மாதிரிச் சாமான்களை இரண்டு சாக்குக்குள் தளர்வாகக் கட்டிச் சும்மாவே தள்ளிவிடுவார்கள். தளர்வாகக் கட்டினால்தான் விழும்போது உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு தாங்கும். வெடிமருந்து, தண்ணீரெல்லாம் பாராசூட்டில்தான் இறங்கவேண்டும். அதற்கு வேண்டிய பட்டுத்துணி கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் 14ஆவது படையின் தளபதி ஸ்லிம்மும் அவருடைய சப்ளை அதிகாரி ஸ்னெல்லிங்கும் கல்கத்தா சணல் ஆலைக்காரர்களைக் கேட்டார்கள். முழுக்கச் சணலிலேயே பாராசூட் செய்து கொடுத்தார்கள். வழக்கமான பாராசூட்டின் விலை இருபது பிரிட்டிஷ் பவுண்டுக்கு மேல், இது ஒரு பவுண்டு சொச்சம்தான். மனிதன் குதிக்க உதவாது, மூட்டைக்குப் போதும். பர்மா எல்லையில் ரோட்டுக்கும் ஓடுபாதைக்கும்கூடத் தாரில் நனைத்த சணல் துணியைத்தான் விரித்தார்கள். "மேலயும் கோணி, கீழயும் கோணி" என்று தாத்தா சொல்வார்.

நம் வீட்டு மாடியில் ஆயா வடகம் காயப்போடும் பழுப்புத் துணி இருக்கிறதே, மூலையில் தடித்த கயிற்று முடிச்சோடு? அது அந்தச் சணல் குடையில் ஒரு துண்டு. தாத்தா டிரங்குப் பெட்டியில் மடித்துக் கொண்டுவந்தது. ஓரத்தில் இரட்டைத் தையல், இன்னும் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. எண்பது வருஷ வெயில் பட்டிருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், வடக வாசனைதான் வந்தது.

கொஹிமாவில் நிலைமை இன்னும் மோசம். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து இரண்டு வாரம், சண்டை போடாதவர்களையும் சேர்த்து 2,500 பேர் ஒரு மலைமுகட்டில் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் வரும் வழியை ஜப்பானியர் பிடித்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்கூட இல்லை. விமானத்திலிருந்து போட்ட தண்ணீரும் குண்டுகளும் சில சமயம் எதிரி பக்கம் போய் விழுந்தன. டெபுடி கமிஷனர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். இப்போது அது கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளையாக விட்டுவைத்திருக்கிறார்கள். அகலத்தை அடி வைத்து அளந்தேன். நம் தெருவில் எதிர்வீட்டுக்கு நடக்கிற தூரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கையெறி குண்டு வீசிக்கொள்ளும் தூரம், பாப்பா.

அங்கே 1,420 கல்லறைகள் இருக்கின்றன. எரியூட்டப்பட்ட இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 917 பேரின் பெயர்கள் மேலே தனியாக ஒரு நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. வருபவர்கள் கீழேயே போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் அங்கே ஏறி, நம் பக்கத்துப் பெயர் வருமா என்று தேடிக்கொண்டே படித்தேன். ஒரு கட்டத்தில் தேடுவதை விட்டுவிட்டு எல்லாப் பெயரையும் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். அந்த மலையில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த நாகா மக்களுக்கும் ஒரு சுவர் இருந்திருக்கவேண்டும் என்று மனதில் பட்டது.

இம்பாலுக்குப் போக முடியவில்லை. 2023லிருந்து மணிப்பூர் இருக்கும் நிலையில் அம்மா விடவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் கொள்ளுத்தாத்தா எப்படி இறந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் போரில் செத்த ஏறத்தாழ 30,000 ஜப்பானியரில் மிகப் பெரும்பாலானோர் பசியிலும் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும்தான் போனார்கள். பின்னாலிருந்து அவர்களுக்கு அரிசி வரவேயில்லை. கொஹிமாவில் இருந்த சாட்டோ என்ற தளபதி கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் மேலிடத்து உத்தரவை மீறித் தன் ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார். மழைக்காலம் வேறு. அவர்கள் திரும்பிப் போன வழிக்கு ஜப்பானில் 'எலும்புச் சாலை' என்று பெயர் இருக்கிறதாம், நீயே கேள்விப்பட்டிருப்பாய்.

அந்தப் பக்கம் நம் மக்களும் இருந்தார்கள். நேதாஜியின் படை ஏப்ரல் 14 அன்று மொய்ராங்கில் கொடி ஏற்றியது. மலேயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். தாத்தா அவர்களைப் பற்றி ஒரு குறைவான வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. சாலை திறந்த பிறகு வழியோரம் கிடந்த ஜப்பானியரைப் பற்றி ஒரே ஒரு தடவை சொன்னார்: "பையில அரிசி இருந்திருந்தா எழுந்து நடந்திருப்பானுங்க." அப்புறம் வெற்றிலையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அதனால் நீ அந்தப் பெண்ணிடம் சொல், தயங்காதே. தாத்தா அங்கே மூட்டை தூக்கினார், ஓடுபாதையில் குழி மூடினார் என்று சொல். யாரையாவது சுட்டாரா என்பது எனக்குத் தெரியாது, அவர் சொல்லாமலே போய்விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல். மறைக்காதே.

அந்தத் துணியில் ஒரு முழம் வெட்டி உனக்கு அனுப்பட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். வெட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பொங்கலுக்கு வரும்போது அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வா. துணியை அவளே தொட்டுப் பார்க்கட்டும். அவளுக்குக் காரம் ஆகுமா என்று மட்டும் முன்கூட்டியே எழுது. அம்மா அதற்குத் தகுந்தபடி குழம்பு வைக்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா